கவாத்து எதற்கு? புல் ரன் போருக்கு ஒரு படை தயாரான விதம்

1861 கோடையில், வாஷிங்டனுக்கு எதிரே போட்டோமாக் ஆற்றின் மறுகரையில், இர்வின் மெக்டவல் என்ற தளபதி எட்டு ரெஜிமென்டுகளை ஒன்றாக நிறுத்தி அணிவகுக்க வைத்துப் பார்த்தார். ஒரு ரெஜிமென்டில் ஏட்டுக்கணக்குப்படி 1,000 பேர். அதற்காக அவருக்கு மேலிடத்திலிருந்து கண்டனம் வந்தது. ஏதோ பகட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். அமெரிக்க காங்கிரஸின் விசாரணைக் குழு முன் மெக்டவலே பின்னால் இதைச் சொன்னார். தன்னுடைய இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிப் பார்க்கக்கூடத் தனக்கு வாய்ப்புத் தரப்படவில்லை என்றும் சொன்னார்.

இயந்திரம் என்று அவர் சொன்னது தன் படையை. அதை ஓட்டிப் பார்ப்பதற்குத் தமிழில் ஒரு பழைய சொல் இருக்கிறது: கவாத்து. உருது வழியாக நம்மிடம் வந்த சொல். தோட்டக்காரர்கள் செடியை வெட்டிச் சீராக்குவதையும் இதே சொல்லால் சொல்வார்கள். சிப்பாய்களுக்கு நடக்கவும், திரும்பவும், வரிசை கட்டவும், துப்பாக்கியைக் கையாளவும் சொல்லிக்கொடுக்கிற பயிற்சிதான் கவாத்து.

இன்று கவாத்து என்றால் லெஃப்ட் ரைட், காக்கி உடுப்பு, கொடியேற்றம் என்றுதான் நினைவுக்கு வரும். மரியாதைக்கும் ஒழுங்குக்கும் செய்கிற சடங்கு மாதிரி அது ஆகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் நிலைமை வேறு. மைதானத்தில் எந்த வரிசையில் நின்று பழகினார்களோ, அதே வரிசையில்தான் குண்டு பறக்கிற வயலிலும் நின்றார்கள். கவாத்து தெரியாத படையால் சண்டையே போட முடியாது. ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொள்ள, அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டையான புல் ரன் போருக்கு வடக்கத்திப் படை எப்படித் தயாரானது என்று பார்த்தால் போதும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்ள தென் மாநிலங்கள் பிரிந்துபோய்த் தனி நாடு அறிவித்தன. 1861 ஏப்ரல் 12 அன்று, மத்திய அரசின் கையிலிருந்த சம்ட்டர் கோட்டை மீது பீரங்கியால் சுட்டன. ஏப்ரல் 15 அன்று அதிபர் லிங்கன் 75,000 பேரைப் படைக்கு அழைத்தார். அன்றைய சட்டம் இடம்கொடுத்த அளவுக்கு, 90 நாள் சேவைக்குத்தான் அழைக்க முடிந்தது. நிரந்தர ராணுவத்தில் சுமார் 16,000 பேர் இருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் மேற்கு எல்லைக் கோட்டைகளில் சிதறிக் கிடந்தார்கள். ஆகவே வாஷிங்டனுக்கு வந்து இறங்கியவர்கள் பெரும்பாலும் குமாஸ்தாக்கள், விவசாயிகள், தச்சர்கள், மாணவர்கள். நியூயார்க்கின் தீயணைப்பு வீரர்கள் மட்டுமே சேர்ந்து ஒரு முழு ரெஜிமென்ட் ஆகியிருந்தார்கள்.

இந்தப் பையன்களில் ஒருவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்துப் பாருங்கள். அது குழாய் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி, எடை நாலு கிலோவுக்கு மேல். அடிக்கட்டையைத் தரையில் ஊன்றி நிறுத்தினால் அவன் தோளைத் தாண்டும். இடுப்புப் பெட்டியிலிருந்து காகிதத் தோட்டாவை எடுத்து, பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழாயில் கொட்டி, ஈயக் குண்டை வாயில் வைத்து, இரும்புக் கம்பியை உருவி இடித்து இறக்கி, கம்பியைத் திரும்ப அதன் இடத்தில் செருகி, பிறகு நம் தீபாவளிப் பொட்டு வெடி போல ஒரு சின்னச் செம்புத் தொப்பியை எடுத்து, அதை அடிக்கிற சுத்திக்குக் கீழே பொருத்த வேண்டும். இதைக் கவாத்துப் புத்தகம் ஒன்பது கட்டளைகளாகப் பிரித்திருந்தது. நன்றாகப் பழகியவன் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடுவான்.

பழகாதவன் என்ன செய்வான்? குழாயிலிருந்து கம்பியை உருவ மறந்து, அதையும் சேர்த்துச் சுட்டுவிடுவான். அப்புறம் அவனிடம் இடிக்கக் கம்பி இருக்காது. செம்புத் தொப்பி வைக்க மறந்தால் துப்பாக்கி வெடிக்காது, ஆனால் சுற்றி ஆயிரம் துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் வெடிக்கும்போது தன்னுடையது வெடித்ததா என்பதே அவனுக்குத் தெரியாது. அடுத்த தோட்டாவை அதன் மேலேயே இடிப்பான். இரண்டு வருடம் கழித்து, 1863இல் கெட்டிஸ்பர்க் களத்தில் பொறுக்கி எடுத்த துப்பாக்கிகளில் ஆயிரக்கணக்கானவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்கள் அடைந்து கிடந்தன. பயத்தில் மூளை நின்றுபோகும். அப்போதும் கை தானாக வேலை செய்யவேண்டும். ஒன்பது கட்டளைகளைத் தினமும் நூறு தடவை செய்யவைத்ததன் காரணம் அதுதான்.

இது ஒரு ஆளின் கவாத்து. இதைவிடக் கடினமானது பலபேர் சேர்ந்து நகர்வது.

பாதையில் போகும்போது ரெஜிமென்ட் நான்கு நான்கு பேராக நீளவாக்கில் போகும். அப்போதுதான் சாலைக்குள் அடங்கும். ஆனால் அப்படியே போய் எதிரியின் முன் நின்றால் முன்னால் இருக்கிற நாலு பேரால்தான் சுட முடியும். ஆகவே சண்டைக்கு முன் இந்த நீளமான பாம்பு, எதிரியைப் பார்த்தபடி அகலமாக, முன்னும் பின்னுமாக இரண்டே வரிசையாக விரிய வேண்டும். ஆயிரம் பேர் விரிந்தால் கிட்டத்தட்ட 300 மீட்டர் அகலம் வரும். தோளோடு தோள் ஒட்டிய அந்த வரிசைதான் அன்றைய ஆயுதம். தனித்தனியாக நின்று சுட்டால் அந்தத் துப்பாக்கிக்குப் பெரிய பயன் இல்லை.

அந்த வரிசை சற்று வலப்புறம் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கதவு கீலில் திரும்புவதை நினைத்துப் பாருங்கள். கீலுக்குப் பக்கத்தில் இருக்கிறவன் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே காலை மாற்ற வேண்டும். கடைசியில் இருக்கிறவன் பெரிய எட்டாகப் போட்டு ஓடவேண்டும். நடுவில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் கூடுதல் வேகம். ஒருவன் அவசரப்பட்டால் வரிசை வளையும், ஒருவன் தயங்கினால் ஓட்டை விழும். இதனால்தான் எட்டின் நீளத்தைக்கூட அளந்து வைத்திருந்தார்கள்: 28 அங்குலம். சாதாரண நடைக்கு நிமிடத்துக்கு 90 எட்டு, விரைவு நடைக்கு 110. வேலியும் ஓடையும் சோளக்கொல்லையும் குறுக்கிடுகிற நிலத்தில், புகையில், பக்கத்து ஆள் சரிந்து விழும்போது இதைச் செய்யவேண்டும்.

பத்து கம்பெனி சேர்ந்தால் ஒரு ரெஜிமென்ட். நான்கைந்து ரெஜிமென்ட் சேர்ந்தால் பிரிகேடு. சில பிரிகேடுகள் சேர்ந்தால் டிவிஷன். ஒவ்வொரு படி ஏறும்போதும் சிக்கல் பெருகும், ஏனென்றால் இப்போது ஆயிரம் பேர் கொண்ட ஒரு கூட்டம், இன்னொரு ஆயிரம் பேரோடு ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். இந்த மேல்படிக் கவாத்துதான் வடக்கத்திப் படையில் அறவே இல்லாமல் போனது. அத்தனை பெரிய கூட்டத்தை நகர்த்திப் பழகிய ஒருவர்கூட அங்கே இல்லை, நாட்டிலேயே ஒருவர் இருந்திருப்பார் என்று நம்பவில்லை என்று மெக்டவல் விசாரணையில் சொன்னார். அவரே மே மாதம் வரை ஒரு மேஜர். ராணுவத் தலைமை அலுவலகங்களில் வேலை பார்த்தவர். களத்தில் ஒரு படைக்குக்கூடத் தலைமை தாங்கியதில்லை. நாற்பத்திரண்டு வயதில் அவர் கையில் 35,000 பேரைக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, பையன்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? தன்னார்வ ரெஜிமென்டுகளில் கேப்டன்களையும் லெஃப்டினன்ட்களையும் சிப்பாய்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் பேர்பெற்ற வக்கீல், கடைக்காரர் என்று ஆட்கள் கேப்டன் ஆனார்கள். வில்லியம் ஹார்டி 1855இல் எழுதிய கவாத்துப் புத்தகத்தை இவர்களில் பலர் ராத்திரி படித்துவிட்டுக் காலையில் அதையே ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஹார்டி இதற்குள் தெற்குப் பக்கம் சேர்ந்துவிட்டார், ஆகவே இரண்டு படைகளும் ஒரே புத்தகத்தைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருந்தன. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களைப் படிப்பை அவசரமாக முடித்து வாஷிங்டனுக்குக் கொண்டுவந்து கவாத்து வாங்க விட்டார்கள். தெற்கிலும் இதே கதைதான். வர்ஜீனியா ராணுவக் கல்லூரி மாணவர்களை அழைத்துக்கொண்டு ரிச்மண்டுக்கு வந்தவர் தாமஸ் ஜாக்சன், பின்னாளில் ஸ்டோன்வால் என்று பேர் வாங்கியவர். மீசை அரும்பாத மாணவர்கள் தகப்பன் வயது ஆட்களுக்கு வலது கால் எது இடது கால் எது என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

வாஷிங்டன் நகரமே கூடாரமாகியிருந்தது. மாசசூசெட்ஸ் ரெஜிமென்ட் ஒன்று செனட் சபை மண்டபத்திலேயே படுத்துறங்கியது. நாடாளுமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் அடுப்புக் கட்டி ரொட்டி சுட்டார்கள்.

இந்த வேலைக்குக் காலம் வேண்டும். அதுதான் இல்லை. ஏப்ரலில் சேர்ந்தவர்களின் 90 நாள் கெடு ஜூலை நடுவில் முடியத் தொடங்கும். அதற்குள் சண்டை நடத்தாவிட்டால் படையில் ஒரு பகுதி வீட்டுக்குப் போய்விடும். தெற்கத்தி நாடாளுமன்றம் ஜூலை 20 அன்று தெற்கின் தலைநகரான ரிச்மண்டில் கூடப்போகிறது, அதற்குள் ரிச்மண்டைப் பிடியுங்கள் என்று நியூயார்க் பத்திரிகை ஒன்று நாள் தவறாமல் எழுதியது. 75 வயதான தலைமைத் தளபதி வின்ஃபீல்ட் ஸ்காட் பொறுமை காக்கச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. ஆட்களைப் பழக்க இன்னும் நாள் வேண்டும் என்று மெக்டவல் கேட்டபோது லிங்கன் சொன்ன பதில் புகழ்பெற்றது: நீங்கள் கற்றுக்குட்டிகள்தான், ஆனால் அவர்களும் கற்றுக்குட்டிகளே, எல்லோருமே ஒரே மாதிரிக் கற்றுக்குட்டிகள்.

லிங்கன் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனாலும் இந்த இடத்தில் அவர் கணக்குத் தவறு என்றுதான் நினைக்கிறேன். தெற்கத்திப் படை மனாசஸ் ரயில் சந்திப்புக்கு முன்னால், புல் ரன் ஓடைக்குப் பின்னால், காத்துக்கொண்டு நின்றது. நிற்பதற்கு வேண்டிய கவாத்து கொஞ்சம்தான். மெக்டவலின் படையோ நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நடந்து, ஓடையைத் தாண்டி, விரிந்து, மேடேறித் தாக்க வேண்டும். ஒரே அளவு பழகாத இரண்டு படைகளில், நகர வேண்டிய படைதான் முதலில் குலையும்.

புறப்பட்ட நாளிலேயே அது தெரிந்தது. ஜூலை 16. லண்டன் டைம்ஸ் நிருபர் ரஸ்ஸல் வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஒரு ராணுவ அதிகாரியைப் பார்க்கிறார். அவர் தனியாக நின்று ரயில் பெட்டிகளுக்குள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வரவேண்டிய இரண்டு பீரங்கி அணிகளைக் காணவில்லை, தேடி அனுப்ப உதவியாளர்கள் போதவில்லை, அதனால் அவரே தேடி வந்திருக்கிறார். அவர்தான் இந்தப் படையின் தளபதி மெக்டவல். எனக்கு இந்தக் காட்சி மறப்பதே இல்லை. அமெரிக்கக் கண்டம் அதுவரை கண்டவற்றிலேயே மிகப் பெரிய படைகளில் ஒன்று அன்று பிற்பகல் புறப்படுகிறது, அதன் தலைவர் பிளாட்பாரத்தில் பீரங்கியைத் தேடி அலைகிறார். படைக்குத் தயாரிப்பு என்பதில் இந்த உதவியாளர் கூட்டமும் அடங்கும்: எந்த வண்டி எங்கே, எந்தப் பாதை யாருக்கு, வரைபடம் யாரிடம் என்று பார்க்கிறவர்கள். நல்ல வரைபடமும் அவரிடம் இல்லை.

ஒவ்வொரு சிப்பாயின் தோள்பையிலும் மூன்று நாளுக்கான சமைத்த ரேஷன். வெயிலில் கம்பளி உடுப்போடு நடந்தவர்கள் சுமை தாங்காமல் அதைத் தின்று தீர்த்தார்கள், அல்லது வீசிவிட்டார்கள். வழியோரப் புதர்களில் கருநாவல் நிறத்தில் பிளாக்பெர்ரி பழுத்துத் தொங்கியது. வரிசையை விட்டு இறங்கிப் பறிக்கப் போய்விட்டார்கள். கிணற்றைக் கண்டால் தண்ணீருக்கு ஓடினார்கள். ஒரு பிரிகேடுக்குத் தலைவராக இருந்த வில்லியம் ஷெர்மன், தான் எவ்வளவு முயன்றும் இதைத் தடுக்க முடியவில்லை என்று பின்னால் எழுதினார். அதே ஷெர்மன் 1864இல் சுமார் 60,000 பேரை அட்லாண்டாவிலிருந்து கடற்கரை வரை நடத்திக்கொண்டுபோனார். நடப்பதுகூடப் பழகிப் பெறுகிற திறமைதான்.

ஜூலை 18 அன்று படை சென்டர்வில் போய்ச் சேர்ந்தது. உணவு தீர்ந்திருந்தது. வண்டிகள் வரவும், ஓடையைத் தாண்ட இடம் தேடவும் இரண்டு நாள் போயிற்று. அந்த இரண்டு நாளில் தெற்கத்தித் தளபதி ஜோசஃப் ஜான்ஸ்டன், ஷெனன்டோவா பள்ளத்தாக்கிலிருந்த தன் படையை ரயிலேற்றி மனாசஸுக்குக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டிருந்தார். ஜாக்சனின் பிரிகேடு அப்படி வந்ததுதான். இந்தப் பக்கத்திலோ, 90 நாள் முடிந்த ஒரு பென்சில்வேனியா ரெஜிமென்டும் நியூயார்க் பீரங்கி அணி ஒன்றும் எங்களை அனுப்பிவிடுங்கள் என்றன. இருங்கள் என்று மெக்டவல் கெஞ்சியும் பயனில்லை. சண்டையன்று காலை, எதிரியின் பீரங்கிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்க, அவர்கள் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. ஒப்புக்கொண்ட நாள் வரை இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை. மெக்டவலின் திட்டம் நல்ல திட்டம். ஒரு டிவிஷன் நேராகப் போய் எதிரியின் கவனத்தை ஈர்க்கும், சுமார் 13,000 பேர் வடக்கே சுற்றிப்போய் சட்லி துறையில் ஓடையைத் தாண்டிப் பக்கவாட்டில் விழுவார்கள். ராத்திரி இரண்டு மணிவாக்கில் எழுப்பினார்கள். ஆனால் ஒரே சாலைதான் இருந்தது. நேராகப் போகிற டிவிஷன் முன்னால், மூன்று டன் எடையுள்ள பெரிய பீரங்கியை இழுத்துக்கொண்டு, இருட்டில் தடவித் தடவி நகர்ந்தது. பின்னால் 13,000 பேர் நிற்பதும் பத்தடி நடப்பதும் மறுபடி நிற்பதுமாக இருந்தார்கள். ஏழு மணிக்குச் சேரவேண்டியவர்கள் ஒன்பதரைக்குச் சட்லி வந்தார்கள். அதற்குள் எதிரியின் சைகைக் கொடி அதிகாரி ஒருவர் உயரமான இடத்திலிருந்து துப்பாக்கி முனைகள் வெயிலில் மின்னுவதைக் கண்டுபிடித்து, இடப்பக்கம் பார் என்று கொடியசைத்துச் செய்தி அனுப்பிவிட்டார்.

அப்படியும் மதியம்வரை வடக்கத்திப் படைதான் முன்னேறியது. தனி ரெஜிமென்டாகப் பழகியதை அந்தப் பையன்கள் செய்தார்கள், தைரியமாகவே செய்தார்கள். உடைந்தது அதற்கு மேல்படியில். ஹென்றி மேட்டின் மேல் ஜாக்சன் வரிசை கட்டி நிற்கிறார். அவரை அசைக்க ஒரு முழு பிரிகேடு ஒரே சமயத்தில் ஏறவேண்டும். ஷெர்மனின் ரெஜிமென்டுகளோ ஒன்று ஏறி அடிபட்டுத் திரும்பிய பிறகு அடுத்தது என்று தனித்தனியாக ஏறின. விஸ்கான்சின் ரெஜிமென்ட் சாம்பல் நிற உடுப்பு, எதிரியைப் போலவே. சொந்தப் பக்கத்துக் குண்டும் அவர்கள்மேல் விழுந்தது. வேறொரு முனையில் நீல உடுப்பில் வந்த எதிரியின் வர்ஜீனியா ரெஜிமென்டைத் தங்கள் ஆட்கள் என்று நினைத்துச் சுடாமல் விட்டு, இரண்டு பீரங்கிகளைப் பறிகொடுத்தார்கள். ஒரே உடுப்பு என்பதும் படைத் தயாரிப்பில் எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள்.

மாலையில் படை பின்வாங்கியது. பின்வாங்குவதற்குத்தான் கவாத்து எல்லாவற்றையும்விட அதிகம் வேண்டும். எதிரிக்கு முதுகு காட்டாமல், வரிசை குலையாமல், மாறிமாறி நின்று சுட்டுக்கொண்டே போகவேண்டும். பழகாதவர்கள் ஓடத்தான் செய்வார்கள். கப் ரன் பாலத்தில் ஒரு வண்டி கவிழ்ந்து வழியை அடைத்ததும் ஓட்டம் பீதியானது. அந்தக் குழப்பத்துக்கு நடுவே குலையாமல் நின்று பின்னால் வந்த எதிரியைத் தடுத்தவர்கள், மேஜர் ஜார்ஜ் சைக்ஸின் கீழிருந்த நிரந்தர ராணுவச் சிப்பாய்கள், எட்டே கம்பெனி. வென்ற தெற்கத்திப் படையும் துரத்தவில்லை. தோற்றவர்களைவிட வெற்றியால் தன் படை அதிகம் குலைந்துபோனது என்று ஜான்ஸ்டனே எழுதினார். இரு பக்கமும் சேர்த்து 800 பேருக்கு மேல் செத்திருந்தார்கள்.

மறுநாள் லிங்கன் மூன்று வருட சேவைக்குத் தன்னார்வலர்களை எடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். புதிய தளபதியாக வந்த ஜார்ஜ் மெக்லெல்லன் அந்த இலையுதிர்காலம் முழுக்கக் கவாத்து வாங்கினார், காலையும் மாலையும், கம்பெனியாக, ரெஜிமென்டாக, பிரிகேடாக. நவம்பர் 20 அன்று பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸ் என்ற இடத்தில் 50,000 பேருக்குமேல் லிங்கன் முன்னால் வரிசை குலையாமல் நடந்துபோனார்கள். அந்தப் படையில் ஒரு டிவிஷனின் தலைவராக மெக்டவலும் இருந்தார்.